பூனை படுக்காத பொனற்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற லெஸ்லிக்கு உலகத்தில் இரண்டே பெருமைகள். ஒன்று அவருடைய வெள்ளைக் கார். மற்றது அந்தக் காரின் சூடு காட்டும் முள். எவ்வளவு தூரம் ஓடினாலும் அது அடியை விட்டு எழும்பாது. கண்டி வீதியில் தார் உருகிக் காகங்களின் கால்கள் ஒட்டிக்கொண்ட சித்திரை வெயிலிலும் எழும்பவில்லை. தன் எஞ்சினுக்குள் ஐஸ் பெட்டி இருக்கிறது என்று, சந்தைக்கு மீன் வாங்க வந்தவர்களையும் மறித்துச் சொல்லுவார்.

இதில் இரகசியம் ஒன்றுமில்லை, ஊர் வழக்கம்தான். எஞ்சினுக்கும் அதன் தண்ணீரை ஆறவைக்கும் றேடியேற்றருக்கும் நடுவே தேமோஸ்டற் என்றொரு சின்ன வால்வு உண்டு. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை மறித்து வைத்திருந்து, பிறகு வாசலைத் திறந்துவிடும் காவல்காரன் அது. குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அது தேவை, எங்கட வெயிலுக்கு எதற்கு என்று கராஜ்காரர்கள் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சாவி போட்டதுமே சுழலும்படி, றேடியேற்றருக்குக் காற்று வீசும் காற்றாடிக்கும் நேரே வயர் கொடுத்துவிடுவார்கள். லெஸ்லி இரண்டையும் பக்கத்தில் நின்று செய்வித்தவர்.

அந்தக் கார்தான் இப்போது புகைப் பரிசோதனையில் இரண்டு தடவை தோற்றுவிட்டது. புகை சும்மா புகையல்ல. கோட்டைக்குள் மேயும் மான்கள் இருமின. சீனன்குடாவில் இறங்க வந்த விமானம் ஓடுபாதையைக் காணாமல் வட்டமடித்தது. பெற்றோலைக் கேட்கவே வேண்டாம். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் அத்தனையையும் நிரப்பிக் கொடுத்தாலும் பக்கத்திலுள்ள கப்பல்துறைக்குப் போய்வரப் போதாது.

பரிசோதனையில் தேறாத காருக்கு லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லாத கார் முற்றத்தில் நிற்கத் தேவையில்லை என்பது மனைவி மக்டலினின் தீர்ப்பு. மூன்றாம் தடவையும் தோற்றால் அது முனாப்புக்கு. துறைமுகத்தில் லெஸ்லியோடு வேலை செய்த கிண்ணியாக்காரர் முனாப், இப்போது கருவாட்டு வியாபாரம். பின் கதிரையைக் கழற்றினால் எத்தனை பெட்டி அடுக்கலாம் என்று அளவுநாடாவோடு வந்து பார்த்தும் போய்விட்டார். தன் வெள்ளைக் கார் கருவாடு மணக்க ஊரெல்லாம் திரிவதை நினைத்து லெஸ்லிக்குச் சோறு இறங்கவில்லை.

மாரிமழை தூறிக்கொண்டிருந்த ஒரு நாள் முனாப் தேத்தண்ணிக்கு வந்தார். முற்றத்துத் தகரக் கூரையின் கீழ் அவருடைய கார் நின்றதும் நிற்காததுமாக வீட்டுப் பூனை அதன் எஞ்சின் மூடியான பொனற்றில் ஏறிச் சுருண்டுகொண்டது.

மக்டலின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இஞ்சாருங்கோ, இந்தப் பூனை எங்கட காரில ஒருநாளாவது படுத்ததைக் கண்டனீங்களோ?"

கருவாட்டு மணத்துக்குப் படுக்கிறது என்றார் லெஸ்லி.

"கருவாடு பின்னுக்கெல்லோ இருக்கு. பூனை படுத்திருக்கிறது முன்னுக்கு."

லெஸ்லியும் அப்போதுதான் கப்பல்துறையிலிருந்து வந்திருந்தார். தன் காரின் பொனற்றில் கைவைத்தார். மாதா கோயில் தரை போலச் சில்லிட்டது. முனாப்பின் எஞ்சினில் தேமோஸ்டற் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு மச்சான். கழட்ட வரச் சொன்னாங்கள், நான் சோம்பேறி, பஞ்சியில போகேல்ல."

லெஸ்லிக்குச் சட்டென்று விளங்கியது. சூடேறாத எஞ்சின், தன்னை இப்போதுதான் எழுப்பினார்கள் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்பில் பெற்றோலை அள்ளிக் குடிக்கிறது, எரிக்க முடியாததைப் புகையாகத் துப்புகிறது. இத்தனை காலமும் அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது ஒரு நோயை.

புது வால்வு வாங்கி வந்தார். அதில் எண்பத்திரண்டு பாகை என்று பொறித்திருந்தது. கண்ணால் காணாமல் நம்புவதில்லை என்று மக்டலின் அதை நூலில் கட்டிக் குசினி அடுப்பில் வைத்த சட்டியில் தொங்கவிட்டு, சீனிப்பாகுக்குச் சூடு பார்க்கும் மானியைத் தண்ணீரில் செருகினார். எழுபதில் அசைவில்லை. எண்பதைத் தாண்டியதும் வால்வு சிப்பி போல மெல்ல வாயைத் திறந்தது. கப்பலைக் கண்டுபிடித்தவர்கள்கூட அவர்கள் இருவரையும் போலத் துள்ளியிருக்க மாட்டார்கள்.

"கன்னியாவில ஏழு சுடுதண்ணிக் கிணத்துக்கும் ஏழு சூடு. என்ர எஞ்சின் எட்டாவது" என்றார் லெஸ்லி.

வால்வை எஞ்சினில் பூட்டினார். காற்றாடியையும் சூடு தெரிந்து சுழலும் பழைய சுவிச்சுக்கே மாற்றினார்.

பரிசோதனை நாளன்று வரிசை நீளம். எஞ்சினை ஓடவிட்டு லெஸ்லியும் மக்டலினும் காருக்குள் காத்திருந்தார்கள். முள் எழும்பியது. ஒருநாளும் எழும்பாத முள் கால்வாசி தாண்டி ஏறியது. காற்றாடியோ சத்தமில்லாமல் கிடந்தது. லெஸ்லிக்கு வேர்த்த வேர்வையில் ஒரு வள்ளம் விடலாம். அளவுநாடாவோடு வந்திருந்த முனாப் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"மச்சான், கொதிக்கப் போகுது, நிப்பாட்டு."

லெஸ்லியின் கை சாவிக்குப் போனது. மக்டலின் அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

"முள் நடுவுக்கு வரட்டும். பொறுங்கோ."

முள் நடுவுக்கு வந்தது. ஆணி அடித்ததுபோல அங்கேயே நின்றது. சற்று நேரத்தில் காற்றாடி தானாக எழும்பி விர்ரென்று சுழன்றது. தன் வேலை முடிந்ததும் தானாகவே ஓய்ந்தது. முள் அசையவில்லை.

பரிசோதனைக்கார ஷாமிலா புகைக்குழாயில் கருவியைச் செருகித் திரையைப் பார்த்தாள். திரையைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"அங்கிள், இது போனமுறை கொண்டுவந்த கார்தானோ?"

"ஓம் பிள்ளை. இப்பதான் நித்திரையால எழும்பியிருக்கு."

சான்றிதழ் கைக்கு வந்தது. வீடுவரைக்கும் லெஸ்லி ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊதியது. தனக்குத்தான் ஊதியது என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

முற்றத்துத் தகரக் கூரையின் கீழ் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பூனை மதிலால் இறங்கி வந்தது. முனாப்பின் பொனற்றில் ஏறி முகர்ந்தது. பிறகு ஒரே தாவலில் வெள்ளைக் காருக்கு மாறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

முனாப் அளவுநாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டுப் பூனையைக் காட்டினார். "இனி இவரை எழுப்பாம நீ ஒரு இடமும் போக ஏலாது" என்றார்.

உண்மைதான். அன்று மாலை லெஸ்லி மாதா கோயிலுக்கு நடந்தே போனார், கொட்டுகிற மழையில், குடைகூடப் பிடிக்காமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.