ஆளுக்கு இரண்டு மில்லிகிராம்

காய்ச்சலில் இறந்தவர்கள் மொத்தம் நாற்பத்தொரு பேர் என்று நகராட்சி அறிவித்த அன்று, தகன மையத்திலிருந்து கிளம்பிய புகையெல்லாம் காற்றோடு போகாமல் திரும்பி வந்து, காற்றின் மாசை அளக்கும் இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்றது. ஆள் உயரத்துக்கு ஒரு புகை, ஓரடி விட்டு அதன் பின்னால் இன்னொன்று என்று, மாசு அலுவலகத்தின் மொட்டைமாடியில் தொடங்கிப் படிக்கட்டில் இறங்கி, வாசலைத் தாண்டிச் சைக்கிள் கடை வரைக்கும் வரிசை நீண்டது. உயிரோடு இருந்தபோது பேருந்தில் ஏற ஒருவர் காலை ஒருவர் மிதித்தவர்கள்தான் எல்லாரும். ஒழுங்கு கொஞ்சம் தாமதமாக வந்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் வியாபாரம் கெடுவதாக மாலையில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தார்.

அந்த அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் காற்றை அளப்பவளை ஊரில் காத்துக்காரி என்பார்கள். இயந்திரம் ஒரு நாள் முழுக்க உறிஞ்சிய காற்று ஒரு வெள்ளை வடிதாளில் தன் அழுக்கை விட்டுப் போகும். அதை இடுக்கியால் எடுத்து, ஈரம் போகக் கண்ணாடிச் சாடியில் உலர வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடை போடுவது அவள் வேலை. மூச்சை விட்டால் தராசு அதையும் சேர்த்துக்கொள்ளும். வழக்கமாக நாற்பது மில்லிகிராம் அழுக்கு இருக்கும். வரிசை வந்த நாளின் தாளில் இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு இருந்தது. தராசைத் துடைத்துப் பார்த்தாள், மாற்றமில்லை. மாடிக்குப் போய்ப் புதுத் தாள் வைத்து, ஒரே ஒரு புகையை மட்டும் உள்ளே விட்டு எடை போட்டாள்: இரண்டு மில்லிகிராம். அடுத்து நின்றது தொப்பையும் தொந்தியுமான புகை, அதுவும் இரண்டு. அதற்கடுத்தது அவள் இடுப்பு உயரம்கூட இல்லை. அதற்கும் இரண்டுதான். வழக்கமான நாற்பதைக் கழித்து, மீதியை இரண்டால் வகுத்தாள். ஆயிரத்து முந்நூற்று ஆறு பேர்.

மற்றவர்களுக்கு அது ஓர் எண். அவளுக்கு அது வீட்டு விவகாரம். அவள் அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், கல்யாணம் ஆகாதவன், பிடிவாதத்தில் குரங்குப் பிடி. உடம்பு அனலாகக் கொதிக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அவள் வாசலை மறித்துக் கத்தினாள், “ஆஸ்பத்திரிக்குப் போ. போகலன்னா எக்கேடாவது கெட்டுப் போ!” அவன் மறுநாள் இறந்தான். கடைசி நேரத்தில் எடுத்த ரத்தத்தின் பரிசோதனைச் சீட்டு மூன்று நாள் கழித்து, காய்ச்சல்தான் என்று சொல்லிக்கொண்டு ஆற அமர வந்தது. அதற்குள் இறப்புச் சான்றிதழில் ‘இதயம் நின்றது’ என்று எழுதிவிட்டார்கள். இதயம் நிற்காமல் உலகத்தில் யார் செத்திருக்கிறார்கள்? ஆனால் அம்மா அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள். “உன் வாய்தான்டி அவன் நெஞ்சை நிறுத்திச்சு” என்றாள். அதுதான் மகளிடம் அவள் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. அதன்பின் எல்லாம் வீட்டோடு இருந்த சித்தி மூலமாகத்தான். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்; “உன் அக்கா மககிட்ட சொல்லு, பால் பொங்குதுன்னு” என்பாள் அம்மா. சித்தி திரும்பிச் சொல்லி முடிப்பதற்குள் பால் அடுப்பில் வழிந்திருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு அந்தச் சமையலறையைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆகவே அவள் தன் எண்ணை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். “புகையை வெச்சு செத்தவங்களை எண்ண முடியுமா? இதெல்லாம் வெறும் யூகம்மா.”

“யூகம் இல்ல சார், வகுத்தல்.”

“சமையல் புகையா இருக்கும்.”

“சமையல் புகை வரிசையில நிக்குமா சார்?”

அவர் ஒரு நிபுணரை வரவழைத்தார். நிபுணர் இரண்டு நாள் தங்கி, தராசு மேசைக்கு ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்து, அதற்கு அட்டை மடித்து வைத்துவிட்டுப் போனார். எண் மாறவில்லை. இயந்திரத்தை ஏரிக்கரைக்கு மாற்றினார்கள். புகை சாலையின் இடப்பக்கமாகவே நடந்து, சிவப்பு விளக்கில் நின்று, பச்சையில் கடந்து, ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. காத்துக்காரி தினமும் எடை போட்டாள், தினமும் எழுதினாள், அது தினமும் செவிடன் காதில் ஊதிய சங்காக முடிந்தது. நாலாவது மாதம், அளந்தால்தானே தொல்லை என்று இயந்திரத்தையே நிறுத்தினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் பிறகு சோற்றையும் மறைத்த மாதிரி ஆயிற்று.

தங்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரே இயந்திரமும் நின்றுவிட்டதால், புகை இறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்கு இடம் மாறியது. அங்கிருந்த குமாஸ்தா கொட்டாவி விட்டபடி விதியைச் சொன்னார்: திருத்தம் வேண்டுமானால் பரிசோதனைச் சீட்டும், நெருங்கிய உறவினரின் நேரடிக் கையெழுத்தும் வேண்டும். சீட்டு இருந்தவர்களுக்கு உறவினர் இல்லை, உறவினர் இருந்தவர்களுக்குச் சீட்டு இல்லை, இரண்டும் இருந்தவர்கள் வந்தபோது குமாஸ்தா விடுப்பில் இருந்தார். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. மனிதர்களுக்கும் புகைக்கும் தனித்தனி டோக்கன் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போடுவதை விட்டார்கள். வானிலை அறிக்கை அந்தத் தெருவுக்கு மட்டும் ‘லேசான மூட்டம்’ என்று தினமும் சொன்னது.

அண்ணன் அறுநூற்றுப் பதினாலாவது ஆளாக நின்றான். பை தொங்கித் தொங்கி இறங்கிப்போன இடது தோளை வைத்து அவள் கண்டுபிடித்தாள். மதிய இடைவேளையில் அவன் பக்கத்தில் போய் நின்று, அன்று யார் யார் என்ன சொல்லித் தட்டிக் கழித்தார்கள் என்று ஒப்பிப்பாள். சீட்டு அவள் கைப்பையிலேயே இருந்தது. சகோதரி கையெழுத்து செல்லாது, தாய் வர வேண்டும் என்றார் குமாஸ்தா. தாயோ மகளிடம் வாயே திறப்பதில்லை. “அம்மாவை ஒரு தடவை வரச் சொல்லுங்க சித்தி” என்று அம்மாவின் எதிரிலேயே நூறு தடவை சொல்லிவிட்டாள். “செத்தவனைக் காகிதத்துல வேற கொல்லணுமான்னு கேளு” என்று பதில் வரும். ஒரு நாள் சித்திக்கே பொறுமை போயிற்று. கரண்டியைப் பாத்திரத்துக்குள் எறிந்தாள். “ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா இருந்து எனக்குத் தொண்டை வத்திப் போச்சு. உன் பிள்ளை அங்க ரெண்டு வருஷமா கால் கடுக்க நிக்கறான். பெத்தவதானே நீ, வந்து பாரு!”

கால் கடுக்க என்ற சொல்தான் அம்மாவைக் கிளப்பியது. செருப்பை மாட்டினாள். மகனைத் திட்டி வீட்டுக்கு இழுத்து வருகிற வேகத்தில் மூன்றாம் ஜன்னல் தெருவுக்குப் போனவள், திரும்பும் முனையிலேயே நின்றுவிட்டாள். அவள் நினைத்திருந்தது ஒரு பிள்ளை; அங்கே நின்றது ஊர். முன்னும் பின்னும் புகை, எல்லாம் இருமிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தாள். தெரிந்த பால்காரர் நின்றார், எதிர்வீட்டுத் தையல்காரி தன் தாயின் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். அறுநூற்றுப் பதினாலாவது இடத்தில் இடது தோள் இறங்கிய புகையின் முதுகை ஒரு தடவை தடவிவிட்டாள். கையில் கொஞ்சம் கரி ஒட்டியது. கொஞ்சம் தள்ளி, பேச்சு வராத தூரத்தில், காத்துக்காரி கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அம்மா ஜன்னலுக்குப் போனாள். “இவங்களுக்கெல்லாம் என்னப்பா எழுதி வெச்சிருக்கீங்க?”

குமாஸ்தா ஏட்டைப் புரட்டினார். “இதயம் நின்றது... இதயம் நின்றது... எல்லாருக்கும் அதேதாம்மா.”

“எல்லாருக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

அம்மா வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கியபடி தெருவே கேட்கக் கத்தினாள், “ஏன்டா, இத்தனை பேர்கிட்டயும் போயா என் பொண்ணு சண்டை போட்டா?”

குமாஸ்தா படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மா கையை நீட்டி, “அந்தச் சீட்டைக் கொண்டாடி, ஏன் அங்க மரம் மாதிரி நிக்கற?” என்று மகளைப் பார்த்து நேராகவே சொன்னாள். காத்துக்காரிக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மூக்கைச் சிந்திவிட்டுச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டு, முத்திரை விழுந்து, பேரேட்டில் பழைய வரியை அடித்துப் புது வரி எழுதியபோது மதியம் பன்னிரண்டே முக்கால். அண்ணனின் புகை சற்றுக் கலைந்து, மின்கம்பிகளுக்கு மேலே ஏறி, மற்ற வீடுகளின் புகையைப் போலவே தெற்கே போயிற்று. மறுநாள் நகராட்சி, காய்ச்சலில் இறந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர் என்று திருத்தி அறிவித்தது. அறுநூற்றுப் பதினைந்தாவது ஆளும் அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஓரடி முன்னால் நகர்ந்து நின்றார்கள்.