கோடிட்ட இடத்தில் நாத்தனார்

மொழித் தேர்வுகளுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள் எழுதுவதுதான் அவள் வேலை. ஒரு வாக்கியம், நடுவில் ஒரு கோடு, கீழே நான்கு சொற்கள். அவற்றில் ஒன்றுதான் பொருந்த வேண்டும். மற்ற மூன்றும் பொருந்துவதுபோல் பாசாங்கு செய்ய வேண்டும். வீட்டில் அவளுக்குக் கேள்விக்காரி என்றே பெயர்.

கணவனின் தங்கைக்கு அலுவலகத்தில் பதவி உயர்வுக்கான மொழித் தேர்வு வந்தது. "அண்ணி இருக்கும்போது டியூஷன் எதுக்கு?" என்று பயிற்சிப் புத்தகமும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல விடைகளைக் கையால மூடிக்கோ. வாக்கியத்தைப் படிச்சா உனக்கே ஒரு சொல் தோணும். அப்புறம் கையை எடுத்து, அதுக்குக் கிட்ட எது இருக்குன்னு பாரு. 'ஆனாலும்', 'இருந்தும்'னு வந்தா உஷாரா இரு, அங்கதான் வாக்கியம் திரும்பும்."

நாத்தனார் கெட்டிக்காரி. மளமளவென்று போட்டுக்கொண்டே போனவளின் பென்சில் ஓரிடத்தில் நின்றது. உரக்கப் படித்தாள்.

"'விருந்துக்குப் போன வீட்டில் அலமாரியைத் திறந்து, மடித்த துணிகளையே மறுபடி மடித்து வைக்கும் அவளுடைய ______ எல்லோரையும் நெளிய வைத்தது.'"

கேள்விக்காரி புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். அவளே போன வருடம் எரிச்சலில் எழுதித் தள்ளிய கேள்வி! அச்சுக்குப் போனதும் மறந்தே போயிருந்தாள்.

"எனக்குத் தோணினது 'அக்கறை'. கீழயும் இருக்கு" என்று வட்டம் போட்ட நாத்தனார், விடைப் பக்கத்தைப் புரட்டினாள். "அதிகப்பிரசங்கித்தனமா?"

"'நெளிய வைத்தது'ன்னு இருக்கு பாரு, அதான் துப்பு."

"யாரு அண்ணி இது?"

"சும்மா ஒரு வாக்கியம்."

"அலமாரி இந்த வீட்டு அலமாரிதானே?"

மழுப்ப வாயெடுத்தாள் கேள்விக்காரி. முடியவில்லை. "ஆமாம்மா. நீதான்."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. "நாலு விடை குடுத்து ஊரையே கேக்கிறதுக்கு, என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வாய் வரல, எழுதக் கை வந்துடுச்சு. தப்புதான்."

நாத்தனார் மறுபடி புத்தகத்தைக் கிட்டே இழுத்தாள்.

"கேள்வியும் தப்புதான் அண்ணி. அக்கறை அளவுக்கு மீறினாலும் மனுஷங்க நெளியத்தான் செய்வாங்க. ரெண்டு விடையும் பொருந்துது."

கேள்விக்காரி தொழில் கண்ணோடு படித்தாள். அடடா, பொருந்தத்தான் செய்கிறது! கோபத்தில் எழுதியதில் கண்ணில் படவேயில்லை. அப்போதே பதிப்பகத்துக்கு போன் போட்டு, அடுத்த பதிப்பில் அந்தக் கேள்வியைத் தூக்கச் சொன்னாள்.

"அந்த இடத்துக்கு நான் ஒண்ணு தரட்டுமா? 'முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் கேள்வி எழுதிய அண்ணியின் ______.'"

"விடை?"

"அதை நீங்கதான் போடணும்."

இருவரும் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோவென்று கணவன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை.

தேர்வில் நாத்தனார் ஜம்மென்று தேறினாள். தவறவிட்டது இரண்டே கேள்விகளைத்தான். அவற்றிலும் விடைக்குறிப்புதான் தப்பு என்று இன்றுவரை வாதாடுகிறாள். ஒன்றில் கேள்விக்காரியும் அவள் பக்கம்தான்.