இரண்டு கார்டுக்காரன்

பொழுது புலர்வதற்குள்ளேயே கொட்டகை கொதித்தது. அச்சிலிருந்து விழும் பிளாஸ்டிக் வாளிகள் விரலைச் சுட, அஞ்சலாட்சி கத்தியால் பிசிறு சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்து மெஷின் மட்டும் ஓடவில்லை. முந்தாநாள் அதில்தான் அவள் புருஷன் கொளஞ்சியின் வலது கை நசுங்கியது. வேகம் குறைகிறதென்று முதலாளி பிரேம்குமார் எல்லா மெஷினிலும் பாதுகாப்புக் கதவைக் கழற்றிப்போட்டிருந்தார்.

கொளஞ்சியைத் தம் காரிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவரும் அவர்தான். "இ.எஸ்.ஐ. இருக்கு, கம்பெனி பாலிசியும் இருக்கு. ரெண்டு கார்டுக்காரன்யா நீ!" என்றார்.

இரண்டு கார்டின் மகிமை பிறகுதான் தெரிந்தது. பாலிசிக்காரன், "முதல்ல இ.எஸ்.ஐ. குடுக்கட்டும். அது போக மிச்சந்தான் எங்களுது" என்றான். இ.எஸ்.ஐ.யில், "மொதலாளி விபத்து அறிக்கை குடுத்தாத்தாம்மா நாங்க ஆரம்பிக்கவே முடியும்" என்றார்கள். பெரிய மார்க்கெட்டில் வாங்க வந்தவளைக் கையைப் பிடித்து இழுப்பார்கள். முதலில் அந்தக் கடைக்குப் போ என்று தள்ளிவிடும் வியாபாரத்தை அஞ்சலாட்சி இப்போதுதான் பார்த்தாள். பணத்துக்கு வழி தெரியாமல் அடுத்த ஆபரேஷன் கிடையாது, ஆளையும் விடமாட்டோம் என்றது ஆஸ்பத்திரி. தள்ளிப்போனால் கை போய்விடும்.

வெயில் ஏறியதும் முதலாளி வந்தார். அஞ்சலாட்சி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எதிரே போய் நின்றாள்.

"அந்த அறிக்கையில கையெழுத்து போடுங்க சார்."

"போடறேன். கவனமில்லாம அவனே கைய வுட்டுட்டான்னு நீ எழுதிக்குடு."

"கதவு இருந்திருந்தா எப்படி சார் வுடுவாரு?"

"நான் எறங்கி வர்றேன்ல? நீயும் கொஞ்சம் எறங்கி வாம்மா."

"எவ்ளோ எறங்கட்டும்? ரெண்டு வெரலா, மூணா?"

எதிர் மெஷினில் சுடர்விழி சுவிட்சை அணைத்தாள். "எம் மெஷின்லயும் கதவு இல்ல சார். நாளைக்கு என் வூட்டுக்காரரையும் இதத்தான் எழுதச் சொல்லுவீங்க. கையெழுத்து வரட்டும், ஓட்டறேன்."

அடுத்த மெஷினில் அம்மாவாசை அணைத்தார். வரிசையாக ஒவ்வொன்றாய் நின்றது.

"உள்ள பிளாஸ்டிக் ஒறைஞ்சிடும்யா! மெஷினே போயிடும்!" முதலாளி கத்தினார்.

"மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்குமே சார்" என்றார் அம்மாவாசை. "ஒண்ணுதான? ரெண்டுன்னா மாட்டிப்பீங்க."

கொட்டகையே சிரித்தது. அஞ்சலாட்சிக்கு மட்டும் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

முதலாளி அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டார். கையெழுத்து வரவில்லை. அஞ்சலாட்சியும் மற்றவர்களும் நின்றுபோன மெஷின்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் இரண்டாம் ஷிப்ட்டுக்கு அரியாங்குப்பத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்டார்கள். மெஷின் பக்கம் ஒருவரும் போகவில்லை.

"கொஞ்சம் நவுருக்கா" என்று சொல்லி, அஞ்சலாட்சியை ஒட்டி அவர்களும் தரையில் உட்கார்ந்தார்கள்.