கன்னத்துத் துவர்ப்பு

பௌர்ணமி அன்று காலை பாஞ்சாலை அலமாரிக் கிண்ணத்தைப் பார்த்தாள். வெறும் கிண்ணம். போன வருஷம் இறந்துபோன கணவர் கோதண்டராமன், சவரம் செய்ததும் கன்னத்தில் தேய்த்துக்கொள்ளும் படிகாரக் கல் அதில்தான் இருந்தது. எலுமிச்சை அளவில் வாங்கியது, தேய்ந்து தேய்ந்து கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் அவர் தாடைக்கென்றே குழிந்திருக்கும். அந்தக் குழியில் விரல் வைக்காமல் அவளுக்குப் பொழுது விடியாது.

கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர்ப் பந்தல் போட, நாத்தனார் ஜோதியம்மாள் முந்தின நாளே அடி அண்ணாமலையில் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மழையில் கிணற்றுத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

"அந்தக் கல்லா? தண்ணி தெளியட்டும்னு நேத்து குடத்துல சுத்தினேன். கை நழுவி உள்ள வுழுந்துடுச்சு. காலைல எடுத்துக்கலாம்னு வுட்டுட்டேன்," என்றாள் ஜோதியம்மாள்.

பாஞ்சாலை குடத்திடம் ஓடினாள். தெளிந்த தண்ணீரை மெதுவாக அண்டாவில் சாய்த்துவிட்டு, குடத்தின் அடிச்சேற்றைத் துழாவினாள். கல் இல்லை.

கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் கவிநிலா பக்கத்தில் வந்து குந்தினாள். "கரைஞ்சிடுச்சும்மா. சேத்தோட கொஞ்சம் போயிருக்கும். மீதி எங்கயும் போகல, இந்தத் தண்ணி பூரா பரவி இருக்குது. வெயில்ல வத்த வெச்சா திரும்ப உப்பு மாதிரி வரும்."

"அந்தக் குழியும் வருமாடி?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது வராதும்மா."

ஜோதியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, தம்பியோட கல்லா? தெரியாம பண்ணிட்டேனே பாஞ்சாலை! இந்தத் தண்ணி மோருக்கும் ஆவாது, துவர்க்கும். கீழ ஊத்திடறேன்," என்று அண்டாவைத் தூக்கப் போனாள்.

"இருங்க அண்ணி."

மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. அண்டாத் தண்ணீரிலும் அந்த மேகம்தான் அசைந்தது. ஒரு துளிக்கும் இன்னொரு துளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாஞ்சாலை ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

நாக்கு லேசாகச் சுருங்கியது. துவர்ப்பு. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், சவரம் செய்த கையோடு அடுக்களைக்கு வந்து நிற்பார். யாரும் பார்க்காத அந்த ஒரு நிமிஷத்தில் அவர் கன்னம் இப்படித்தான் துவர்க்கும். இந்த ஒரு வருஷமாக அதை அவள் மறந்தே போயிருந்தாள். கல்லைத் தொட்டபோதெல்லாம் வராத மனுஷர் தண்ணீரில் வந்திருந்தார்.

"என்னம்மா, அதைப் போய்க் குடிக்கறே?"

பெற்ற மகளிடம் சொல்கிற சங்கதியா இது? பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த அண்டாவ யாரும் தொடாதீங்க," என்றாள்.