சாராள் டீச்சரின் சனிக்கிழமை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தண்ணீர் லாரி வரிசையில் கிடைத்தது. தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடை, நாங்கள் கிழக்குத் தாம்பரத்துக்குக் குடிவந்த புதிது. எனக்கு முன்னால் நின்ற கனகவல்லி, எங்கள் வீட்டில் முன்பு குடியிருந்த சாராள் டீச்சர் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை சூடு பிடித்த நேரம் பார்த்து லாரி வந்துவிட்டது. குடத்தோடு ஓடியவள், மறுநாள் மகளுக்குப் பிரசவம் என்று ஆரணிக்குப் போனாள். இன்னும் வரவில்லை. ஆகவே முக்கால் கதை அவளுடையது. மிச்சம் என் வாய்க்கொழுப்பு.

(எனக்கு அன்று தண்ணீர் கிடைத்ததா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.)

2

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

"1989 ஜனவரியில் தமிழ்நாட்டில் கவர்னர் ஆட்சி நடந்துகொண்டிருந்த..." வேண்டாம், பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.

"கர்த்தருக்கும் கலெக்டருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட..." இது ஞாயிறு மலர்.

"வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கிவிட்டால் சாராள் டீச்சர் வீட்டில் அடுப்பு எரியாது."

இது இருக்கட்டும். ஏன் எரியாது என்றால், அவர்கள் ஏழாம் நாளை ஓய்வுநாளாக ஆசரிக்கிற சபை. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி சூரியன் மறையும்வரை சமையல், சம்பாத்தியம், சந்தை எதுவும் கிடையாது. சனி மதியத்துக்கான புளியோதரை வெள்ளி மாலையே தயாராகிவிடும். தெருவில் அவர்களுக்கு 'சனிக்கிழமைக்காரங்க' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களே அவர்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்களாம்.

டீச்சருக்கு நகராட்சிப் பள்ளியில் வேலை. கணவர் ஐசக்குக்குக் குரோம்பேட்டையில் லேத் பட்டறை. ஆர்டர் வந்தால் லேத், வராவிட்டால் ஹார்மோனியம். அந்த வருஷம் ஹார்மோனியம் நிறைய வாசித்தார். இரண்டு பெண்களின் படிப்பும் வீட்டு வாடகையும் டீச்சரின் சம்பளத்தில்தான் ஓடின. இதை மறந்துவிடாதீர்கள். விசுவாசத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வாடகையை மறந்துவிடுகிறார்கள்.

ஆட்சி மாறும்போதெல்லாம் அதிகாரிகள் மாறுவார்கள். சனிக்கிழமை பள்ளி உண்டு என்று ஒரு சுற்றறிக்கை வரும், இல்லை என்று இன்னொன்று வரும். எதற்கும் கலங்காமல் டீச்சர் சமாளித்ததற்குக் காரணம் தலைமையாசிரியர் தோத்தாத்ரி. அவர் ஏகாதசிக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனால் டீச்சர் அவருடைய வகுப்பைப் பார்ப்பார். சனிக்கிழமை டீச்சருடைய வகுப்பை அவர் பார்ப்பார். மேலிடங்கள் இரண்டும் ஆட்சேபிக்கவில்லை.

3

அப்புறம் தேர்தல் வந்தது. வாக்குப்பதிவு ஜனவரி இருபத்தொன்று, சனிக்கிழமை. வாக்குச்சாவடி வேலைக்கு டீச்சருக்கு உத்தரவு வந்தது. போகாவிட்டால் சஸ்பென்ஷன்.

தோத்தாத்ரி குரலைத் தாழ்த்தினார். "ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிடுங்கோ. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார். டைபாய்டு போட்டுடலாம்."

"ஓய்வுநாளுக்கான நாலாவது கட்டளையைக் காப்பாத்த, பொய் சொல்லாதேங்கற ஒன்பதாவதை உடைக்கச் சொல்றீங்களா சார்?"

"உங்களுக்குப் பத்துதானே! எங்களுக்கு இருக்கிற நியமத்துக்கெல்லாம் நான் தினம் எத்தனை உடைக்கிறேன் தெரியுமா?"

தெருமுனையில் கட்சிக்காரர் துளசிங்கம் மறித்தார். "இன்னா டீச்சர், டூட்டிக்குப் போமாட்டேன்னீங்களாமே? எதிர்க்கட்சிக்காரன் சொல்லிக் குடுத்தானா?"

"இல்லண்ணா. கடவுள் சொன்னாரு."

"அவரு எந்தக் கட்சி?"

டீச்சர் சிரித்துக்கொண்டே நடந்தார். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.*

*இந்த இடத்தில் அவர் அழுததாக எழுதி அடித்துவிட்டேன். கனகவல்லி அப்படிச் சொல்லவில்லை. வெங்காயம் அரிந்தார் என்றுதான் சொன்னாள். ஆதலால் கண்ணீரைப் பற்றி யாரும் எதுவும் நிரூபிக்க முடியாது.

4

தாலுகா அலுவலகத்தில் தேர்தல் பொறுப்பு லோகநாதன் என்பவரிடம் இருந்தது. இவரைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. முதல் பிரதியில் வில்லனாக்கி மீசை வைத்தேன், நிற்கவில்லை. இரண்டாவது பிரதியில் மகாத்மாவாக்கினேன், அது இன்னும் மோசம். கடைசியில் தூக்கமில்லாத மனிதராக விட்டுவிட்டேன்.

"எனக்கு வெள்ளி சூரியன் மறையறவரைக்கும் என்ன வேலை வேணாலும் குடுங்க சார். சனி சூரியன் மறைஞ்சதும் குடுங்க. ஞாயித்துக்கிழமை முழுக்கச் செய்யறேன். நடுவுல மட்டும் முடியாது."

"ஏம்மா, உங்க ஆளுங்க யாரும் பார்க்கப் போறதில்லை. மேலே கேட்க இப்ப ஒரு மந்திரிகூடக் கிடையாது. ஆட்சியே இல்லாத நேரம்."

"ஆட்சி இல்லாத நேரத்திலயும் கடவுள் இருக்காருங்களே சார்."

லோகநாதன் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அது இரக்கமா, வேலைக்கு ஆள் கிடைத்த சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

"சனி ராத்திரி எல்லா ஊர்ப் பெட்டியும் திரும்பி வரும். அதை வாங்கி வைக்கிற வேலைக்கு அழுதாலும் ஆள் வரமாட்டேங்கறான். விடிய விடிய உட்காரணும். சரியா?"

"சரிங்க சார்."

"முதல் பெட்டி வாசலைத் தாண்டும்போது நீங்க நாற்காலியில இருக்கணும். இல்லைன்னா சஸ்பென்ஷன்ல நானே கையெழுத்துப் போடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

டீச்சர் சந்தோஷமாகத் தலையாட்டினார். சாவடிகளில் கணக்கு முடித்து, அரக்கு வைத்து, லாரி ஏற்றி, பெட்டிகள் வந்து சேர இருட்டிவிடும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பெட்டி வாங்குகிற கல்லூரிக் கட்டடத்துக்கு நேர் எதிர்ச்சாரியிலேயே ஒரு வாக்குச்சாவடி இருந்ததை மட்டும் இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

5

சனிக்கிழமை. காலையில் சபை, மத்தியானம் ஆறிய புளியோதரை. பொழுது சாயும் நேரத்தில் டீச்சர் கல்லூரி வாசலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் வந்து நின்றார். உள்ளே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

எதிர்ச்சாரிச் சாவடியில் வாக்குப்பதிவு முடிந்தது. அங்கே இருந்தவர்கள் சுறுசுறுப்பானவர்கள். (நம் ஊர் நிர்வாகம் சுறுசுறுப்பாக இருந்து யாருக்காவது நன்மை விளைந்திருக்கிறதா?) லாரிக்குக் காத்திராமல், ஒரு போலீஸ்காரர் தலையில் பெட்டியை ஏற்றிச் சாலையைக் கடந்தார்கள். பின்னாலேயே இரு கட்சி ஏஜென்டுகளும் வந்தார்கள். ஒருவர் துளசிங்கம், மற்றவர் ரத்தினம்.

ரயில் பாதைக்கு அப்பால், மேற்குத் தாம்பரத்து ஆன்டெனாக்களுக்கு மேலே சூரியன் இன்னும் சாவகாசமாக இருந்தது.

லோகநாதன் வாசலுக்கு ஓடிவந்தார். "அம்மா, பெட்டி வந்தாச்சு! உள்ளே வாங்க!"

"சூரியன் இருக்குதுங்க சார்."

"நான் என்ன பண்ண? சீக்கிரம் இறங்குன்னு அதுக்கு மெமோ குடுக்கறதா?"

துளசிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா டீச்சர், எங்க சின்னம் எறங்கணும்னு வேண்டிக்கினு நிக்கிறீங்களா?"

காலையிலிருந்து வாடிப்போயிருந்த ரத்தினம் நிமிர்ந்தார். "நல்லா வேண்டிக்கோங்க டீச்சர். நானும் கூட நிக்கறேன்!"

"அண்ணா, நான் யாருக்கும் வேண்டல. மறைஞ்சதும் உள்ள போவேன், அவ்வளவுதான்."

"இன்னும் எத்தினி நேரம் சார்?" என்றார் போலீஸ்காரர், பெட்டிக்கு அடியிலிருந்து. "கழுத்து போவுது."

வாசலுக்கும் அவருக்கும் நடுவே நாலு எட்டு இருந்தால் அதிகம். லோகநாதன் மேற்கே பார்த்தார். துளசிங்கமும் ரத்தினமும் பார்த்தார்கள். பெட்டியைச் சாய்க்காமல் போலீஸ்காரரும் கண்ணை மட்டும் திருப்பினார். மூன்று வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கட்சிக்காரர்கள் இருவரும், அன்றைக்கு ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சரின் மனதில் வாடகையும் பெண்களின் பள்ளிக் கட்டணமும் வந்து போயின. கால் நகரவில்லை.

இங்கேதான் லாரி வந்தது. தண்ணீர் லாரி. கனகவல்லி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

6

முடிவுகள்:

(அ) போலீஸ்காரர் கழுத்து வலி தாங்காமல் உள்ளே போய்விடுகிறார். லோகநாதன் கையெழுத்துப் போடுகிறார். ஐசக் ஹார்மோனியத்தை விற்க... இல்லை, இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

(ஆ) லோகநாதன் போலீஸ்காரரைப் பார்த்து, "யோவ், அரக்கு முத்திரை சரியா இருக்கான்னு வெளியவே பாரு, நிதானமாப் பாரு!" என்று அதட்டுகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலாவது அத்தியாயத்து மனிதர் இதைச் செய்வாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

(டீச்சர் இப்போது மேடவாக்கத்தில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டாராம். அப்படியானால் வேலை போகவில்லை என்று கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போடாதீர்கள். பிற்பாடு ஐசக்கின் லேத்தும் நன்றாக ஓடியது.)

(இ) எல்லாவற்றிலும் சுலபமானது இதுதான். பேனா என் கையில் இருக்கிறது. "சூரியன் மறைந்தது" என்று எழுதினால் போதும், மறைந்துவிடும். எழுதியும் விட்டேன். டீச்சர் ஓரடி எடுத்து வைத்தார். அப்புறம் நின்று, என் பக்கம் திரும்பினார்.

"பார்த்துத்தான் எழுதினீங்களா?"

அடித்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் வாருங்கள். மரத்தடியில் இடமிருக்கிறது. ரத்தினம் கொஞ்சம் தள்ளி நிற்பார். ஆன்டெனாக்களுக்கு நடுவே நன்றாகப் பாருங்கள். இறங்கிவிட்டதா, இன்னும் ஓரம் தெரிகிறதா? பார்த்ததை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள், போலீஸ்காரருக்கும் கேட்கட்டும். இரக்கப்பட்டுப் பொய் சொல்லிவிடாதீர்கள். டீச்சர் உங்கள் வார்த்தையை நம்பித்தான் கால் எடுத்து வைப்பார்.