நூற்றுப் பதினெட்டுத் தப்புகள்

ஆறாயிரத்து நானூறு. என் மனைவியின் தம்பிக்கு நான் தர வேண்டிய பாக்கி. தண்ணீர்த் தொட்டி கழுவும் எனக்கு இணையத்தில் ஒரு பக்கம் செய்து கொடுத்தவன் அவன்தான். அதன் எச்.டி.எம்.எல். நிரலில் நூற்றுப் பதினெட்டுத் தப்புகள் என்று ஒரு சோதனைத் தளம் சிவப்பாகக் காட்டியது. நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். என் பெயருக்குக் கீழே அத்தனை சிவப்பைப் பார்த்ததும் அவனையே திருத்தச் சொன்னேன்; அந்தக் கூலிதான் இந்தப் பாக்கி. தப்பெல்லாம் போனால் தேடலில் மேலே வந்துவிடுவேன், கைப்பேசி ஓயாமல் அடிக்கும் என்று நம்பினேன்.

திருத்தி ஒரு மாதம் ஆயிற்று. பழையபடி தேடலில் மூன்றாம் பக்கத்திலேயே கிடந்தேன். அந்த மாதம் கழுவியது நாலே தொட்டி. முதலிடத்தில் இருப்பவர் இதே தொழில் செய்யும் மீசைக்காரர். அவர் பக்கத்தைச் சோதனையில் போட்டேன். முந்நூற்று நாற்பத்தொரு தப்பு. விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் இடறியது. மைத்துனனின் புதுச் செருப்பு. சாப்பிடும்போது அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பது. அக்காவும் தம்பியும் அடுப்படியில் குரலைத் தாழ்த்திப் பேசுவது. படிக்காதவன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள். பணத்தைக் கொடுக்காவிட்டால் தம்பி இனி இந்த வாசலை மிதிக்கமாட்டான் என்று மனைவி சொன்னதுகூட எனக்குப் பேசிவைத்ததாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"அத்தன தப்பு வச்சிருக்கவன் மொதல்ல நிக்கிறான். தப்பே இல்லாத நான் மூணாம் பக்கத்துல. இது என்ன கணக்கு மாப்ள?"

அவன் கோபப்படவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. என் கைப்பேசியை வாங்கி, நான் திருத்தச் சொன்ன அன்று அவன் அனுப்பிய செய்தியை எடுத்து நீட்டினான். "முழுசாப் படிங்க அத்தான்."

யார் நீளமாக எழுதினாலும் முதல் இரண்டு வரி படிப்பேன், மீதியை ஊகித்துக்கொள்வேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. திருத்தலாம், இவ்வளவு ஆகும் என்பதோடு அன்று நிறுத்தியிருந்தேன். இப்போது கீழே போனேன். 'ஆனா இந்தத் தப்புக்கும் தேடல்ல வர்ற எடத்துக்கும் சம்பந்தம் இல்ல. தேடுறவங்களுக்கு வேண்டிய விவரம் இணையப் பக்கத்துல இருக்கான்னுதான் தேடுபொறி பாக்கும். காசு வீண். வேணாம் அத்தான்.'

அதற்கடியில் என் பதில்: 'சரி செய்.'

"படிச்சுட்டுத்தானே அனுப்புனீங்க?" என்றாள் மனைவி.

அலமாரியிலிருந்து பணத்தை எடுத்து வந்து அவன் கையில் வைத்தேன். எண்ணாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் படியிறங்கிய பிறகு என் பக்கத்தை மறுபடி சோதனையில் போட்டேன். சிவப்பே இல்லை. பச்சையில் ஒரே வரி. கைப்பேசி அடிக்கவில்லை. அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கையில் பாதியில் திரை அணைந்தது. தொட்டு எழுப்பி, விட்ட எழுத்திலிருந்து கடைசிவரை படித்தேன்.