ரகுபதி சாருக்கு ஒரு சீர்வரிசை

கோபம் வந்தால் கத்திக் கூச்சல் போட்டுத் தீர்த்துக்கொள்கிறவர்களைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. தேவகிருபை அந்த ரகம் அல்ல. கோபம் ஏற ஏற அவள் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு கும்பிடு போட்டு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். தலைமையாசிரியர் ரகுபதிக்கு இது தெரியாமல் போனது அவருடைய கெட்ட நேரம்.

காலடிப்பேட்டையில் தேவகிருபையும் அவள் கணவன் அய்யாத்துரையும் ஒரு ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருந்தார்கள். ஆணி, கயிறு, கீல், தாழ்ப்பாள், பெயின்ட் என்று சாண் அகலக் கடையில் எல்லாம் தொங்கும். தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம்தான். ஆனால் தேவகிருபை பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேயே என்பதால், அவள் வாயில் ஊர்ப் பேச்சு மாமியாரிடம் பேசும்போது மட்டும்தான் வரும். வியாபாரம் படுத்துப்போன வருஷம், மகள் ஜெமிமாவை மெட்ரிக் பள்ளியிலிருந்து எடுத்து எர்ணாவூர்ப் பக்கம் இருந்த அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார்கள். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். என் பொண்ணு தமிழ் படிக்கிறதைக் கேட்டுவிட்டு அப்புறம் சுளியுங்கள் என்று தேவகிருபை பதில் கொடுத்தாள். அது உண்மைதான். அந்தப் பள்ளி டீச்சர்கள் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பிலேயே ஜெமிமா செய்தித்தாளைத் திக்காமல் வாசித்தாள். யாராவது கேட்டால் தேவகிருபை அந்தப் பள்ளிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு போடத் தயாராக இருந்தாள்.

ஒன்று மட்டும் இடித்தது. காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிரம்பியபடியே திரும்பி வந்தது. பிள்ளைக்குச் சோம்பல் என்று நினைத்து நாலு திட்டு திட்டியதோடு விட்டுவிட்டாள். அப்புறம் ஒரு நாள் ஜெமிமாவுக்குக் குளிர் ஜுரம் வந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீர்த் தொற்று கிட்னி வரைக்கும் போயிருக்கிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளை பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாளா, பாத்ரூம் போகிறாளா என்று கேட்டார். ஜெமிமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். பெண் பிள்ளைகள் கக்கூசில் தாழ்ப்பாள் இல்லை, கதவிலேயே பாதிதான் இருக்கிறது, உள்ளே போனால் பையன்கள் வந்து உதைக்கிறார்கள். அதனால் யாருமே போவதில்லை. போகாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது. இதைப் பெரிய வகுப்பு அக்காக்கள்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்ததும் தேவகிருபை தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தாள். சண்டை போடப் போகவில்லை. கதவும் தாழ்ப்பாளும் என் கடையிலேயே இருக்கிறது, நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றுதான் கேட்டாள். வெளியாட்கள் அரசுக் கட்டடத்தில் கை வைக்கக் கூடாது என்றார் ரகுபதி. அவள் விடாமல் மறுபடி கேட்டாள். பள்ளி விடுகிற நேரம், வாசலில் தாய்மார்கள் திரண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே அவர் குரலை உயர்த்தினார்.

"மூணாங்கிளாஸ் பொண்ணுக்கு நேரத்துக்கு ஒண்ணுக்குப் போகத் தெரியலேன்னா அது வளர்ப்பு. அதை வீட்ல கத்துக்கொடுக்கணும். இலவசமா படிக்கவும் வெச்சு, ஒங்க கடைச் சரக்கையும் இங்கதான் தள்ளணுமா?"

சில பேர் சிரித்தார்கள். பிள்ளைகள் அவரிடம் படிக்கிறார்களே என்கிற பயத்தில் சிரித்த சிரிப்பு அது. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான். ஜெமிமா அம்மாவின் சேலை முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தேவகிருபை கும்பிட்டு, "சரிங்க சார்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாகக் கிடந்த பிள்ளையைப் பற்றி அந்த மனுஷன் பேசிய பேச்சு காதிலேயே கிடந்து குடைந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரோடும் ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றிய வரி வந்ததும் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். மேலிடத்துக்கு மனு எழுதலாமா என்று கேட்டதற்கு அய்யாத்துரை வேண்டாம் என்றான். மனு சுற்றிச் சுற்றி அவர் மேசைக்கே வரும், பிள்ளை அங்கேதான் படித்தாக வேண்டும் என்றான். அவளுக்கும் மனுவில் மனம் ஒட்டவில்லை. நாலு பேர் முன்னால் வாங்கியதை நாலு பேர் முன்னால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் மைக் வைத்து.

மைக்கை ரகுபதியே ஏற்பாடு செய்தார். சிறந்த பள்ளிக்கான கேடயத்துக்கு அந்தப் பள்ளியின் பெயர் போயிருந்தது. மதிப்பெண் போட ஒரு குழு வரப்போகிறது என்று பெற்றோர் வாட்ஸப் குழுவில் அறிவித்தார். கூடவே ஒரு வேண்டுகோள்: பெற்றோர்கள் கல்விச் சீர் கொண்டுவந்து சிறப்பிக்க வேண்டும். இப்போதெல்லாம் பல ஊர்களில் நடக்கிறதுதான். பள்ளிக்குத் தேவையான பீரோ, மின்விசிறி, நாற்காலி எல்லாவற்றையும் கல்யாணச் சீர் மாதிரி தட்டில் வைத்து, மேளம் அடித்து, ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஊர் மக்கள் பங்களிப்பு என்று அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. தேவகிருபை எல்லாருக்கும் முந்திக்கொண்டு, நானே கொண்டுவருகிறேன் சார் என்று பதில் போட்டாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் மலிகா ஓடி வந்தாள். அவள் மகள் நவ்ரீனும் ஜெமிமாவோடு படிக்கிறவள். அந்த ஆளுக்குப் போய்ச் சீர் வைக்கிறாயே, புத்தி கலங்கிப்போச்சா என்று கேட்டாள். தேவகிருபை என்ன சீர் என்று சொன்னாள். மலிகா கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தட்டுக்கு ஜிகினாத் துணி நான் தைக்கிறேன்க்கா" என்றாள்.

குழு வந்த அன்று, தண்டையார்பேட்டையிலிருந்து வந்த டிரம்செட் முன்னால் போக, சீர் புறப்பட்டது. ஒரு தட்டில் தாழ்ப்பாள், ஒரு தட்டில் கீல், ஒரு தட்டில் பினாயில், ஒரு தட்டில் கக்கூஸ் கழுவும் பிரஷ். எல்லாம் மினுமினுவென்று ஜிகினாத் துணி மேல், வெற்றிலை பாக்கு பழத்தோடு. நடுநாயகமாகப் புதுக் கதவு ஒன்று. அதற்குக் கதம்ப மாலை போட்டு, கதவு மாட்டுகிற காஜா மொய்தீனும் அவர் ஆளும் தோளில் சுமந்து வந்தார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். மாலை போட்ட கதவை யார்தான் பார்த்திருக்கிறார்கள்.

பள்ளி மைதானத்தில் பந்தல். மேடையில் குழுத் தலைவியான அலுவலர் அம்மாளும், பக்கத்தில் சால்வையோடு ரகுபதியும். பிள்ளைகள் காலையிலிருந்து வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். தேவகிருபை மேடைக்கு முன்னால் தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். மைக்கை வாங்கி, ஒரு வார்த்தை தடுமாறாமல் பேசினாள்.

"இது ரகுபதி சாருக்காக நாங்க கொண்டாந்த சீரு. இங்க பொம்பளப் புள்ளைங்க கக்கூசுக்குக் கதவு இல்ல, தாப்பா இல்ல. எம் பொண்ணு அடக்கி அடக்கி ஆஸ்பத்திரில படுத்துச்சு. கேட்டதுக்கு வளர்ப்பு செரியில்லன்னு சொன்னாரு சார். அதான் கதவையே வளத்துக் கொண்டாந்துட்டேன்."

ரகுபதியின் முகம் கறுத்ததைத் தேவகிருபை ஆசை தீரப் பார்த்தாள். ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. ரகுபதி சுதாரித்துக்கொண்டு இறங்கி வந்து, தட்டுகளைக் கும்பிட்டார். இப்படி உரிமையோடு கேட்டு, தானே வாங்கியும் தருகிற பெற்றோர் கிடைத்தது இந்தப் பள்ளியின் பாக்கியம் என்றார். கை தட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினார்கள். அலுவலர் அம்மாள் நெகிழ்ந்துபோய்ப் பேனாவை எடுத்து எழுதினார். அவள் வைத்த சீருக்கு அவருக்கு மதிப்பெண் விழுந்துவிட்டது. தேவகிருபைக்கு ரத்தம் கொதித்தது.

சீர் கொண்டுவந்தவர்கள் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுத்தான் போவோம், கதவை இப்போதே மாட்டிவிடுகிறோம் என்றாள். காஜா மொய்தீன் பையிலிருந்து டிரில் மெஷினை எடுத்தார். அப்போதுதான் அலுவலர் அம்மாள் புருவத்தைச் சுருக்கினார். காலையிலேயே கழிப்பறையைப் பார்த்தேனே, டைல்ஸ் போட்டு, கதவு தாழ்ப்பாள் எல்லாம் சரியாகத்தானே இருந்தது என்றார். ரகுபதி வாய் நிறையச் சிரித்தார். வாருங்கள், இந்த அம்மாவுக்கும் காட்டிவிடுவோம் என்று முன்னால் நடந்தார்.

அவர் கூட்டிப்போனது பின்பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு. தேவகிருபைக்கு அந்தக் கட்டடம் தெரியும். எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். கட்டிய நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. உள்ளே டைல்ஸ் என்று கேள்விப்பட்டதுமே அது டீச்சர்களுக்கு என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். பளபளப்பாக ஒன்று கட்டினால் அது தங்கள் பிள்ளைகளுக்காக இருக்கும் என்று அந்தத் தெருக்களில் யாருக்கும் தோன்றியதில்லை. ரகுபதி சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். உள்ளே மாணவியர் என்று எழுதியிருந்தது. பீங்கான்கள் சின்னதாக, சின்னப் பிள்ளைகள் உட்காருகிற உயரத்தில் இருந்தன. கதவுகளில் தாழ்ப்பாளும் ஜெமிமா கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. மகள் துடித்துக் கிடந்த நாளெல்லாம் இது இங்கேயே, இந்தப் பூட்டுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது.

"இதுல என்னம்மா குறை?" என்று அலுவலர் அம்மாள் கேட்டார். பொய்க்காரியிடம் கேட்கிற குரல் அது. போயிடலாம்க்கா என்று மலிகா தேவகிருபையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது பந்தலிலிருந்து ஓசை கேட்டது. பூட்டு திறந்ததை யாரோ ஒரு பிள்ளை பார்த்திருக்கிறது. நவ்ரீன்தான் முதலில் ஓடி வந்தாள். பின்னாலேயே பத்து, இருபது என்று பெண் பிள்ளைகள், டீச்சர்கள் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் ஓடி வந்தார்கள். பெரியவர்களை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். தாழ்ப்பாள்கள் படபடவென்று விழுந்தன. இடம் கிடைக்காதவர்கள் யாரும் சொல்லாமலே வரிசை கட்டி, காலைப் பின்னிக்கொண்டு நின்றார்கள். வரிசை மைதானம் வரைக்கும் நீண்டது. அதில் ஜெமிமாவும் இருந்தாள்.

ஏன் எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள் என்று அலுவலர் அம்மாள் கேட்டார். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ரகுபதியை அண்ணாந்து பார்த்தாள்.

"சார், இன்னிக்கி மட்டுந்தானா?"

அலுவலர் அம்மாள் மெல்ல ரகுபதி பக்கம் திரும்பினார். பசங்க கலீஜ் பண்ணிடறாங்க மேடம், நீங்க வர்ற வரைக்கும் சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் என்று அவர் வாயாலேயே சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. அலுவலர் அம்மாள் தாளில் எதையோ அடித்துவிட்டுப் பேனாவை மூடினார். தாய்மார்கள் எல்லாரும் பந்தலை விட்டு வந்து சுற்றி நின்றிருந்தார்கள். அன்று சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். இன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தேவகிருபை போய், தாழ்ப்பாள் வைத்திருந்த தட்டைக் காலி செய்து எடுத்து வந்தாள். அதை ரகுபதிக்கு முன்னால் நீட்டினாள். அவள் குரல் முன்னெப்போதையும்விட இறங்கியிருந்தது.

"சீர்த் தட்ட வெறுந்தட்டா திருப்பி அனுப்பக் கூடாது சார்."

அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த முறைதான். அவர் தடுமாறி, பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுக்கப் போனார்.

"பழம் வாணாம் சார். அந்தப் பூட்ட வைங்க."

அவர் அலுவலர் அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் வேறு பக்கம் பார்த்தார். ஊரே பார்க்க, ரகுபதி கொண்டியிலிருந்து பூட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். தட்டு நகரவில்லை.

"சாவி சார்."

சாவியையும் போட்டார். அது தட்டில் ஒரு தடவை குதித்து அடங்கியது. பாவமோ புண்ணியமோ, தேவகிருபைக்கு அந்தச் சத்தம் அவ்வளவு இனித்தது. கும்பிட்டு, "சரிங்க சார்" என்றாள். காஜா மொய்தீன் கேட்காமலே போய், மாலை போட்ட கதவைப் பழைய கழிப்பறையில் மாட்ட ஆரம்பித்தார்.

அந்த வருஷம் கேடயம் வேறு பள்ளிக்குப் போனது. ரகுபதி வேறு ஊருக்குப் போனார். பூட்டு மட்டும் காலடிப்பேட்டை ஹார்டுவேர்ஸ் கடையில், கல்லாவுக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்குகிறது. போனவரை விட்டுவிடேன், அதை இறக்கேன் என்று அய்யாத்துரை பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அவள் இறக்குவதாக இல்லை. தெரியாத வாடிக்கையாளர் யாராவது அதைக் காட்டி விலை கேட்டால், அவள் வேலையைப் போட்டுவிட்டு அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போடுவாள். எந்தப் பள்ளி, எந்த ரகுபதி என்று முழுப் பெயரோடு ஆரம்பிப்பாள்.